வாசல் உள்ளே தூங்கிய காலை

ஏ.சி. அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால் முதலில் ஒரே இரைச்சலாகத்தான் கேட்கும். நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டால் கொஞ்சம் கொஞ்சமாக அது இழை பிரியும். ஒன்று கனமாக, அடித்தொண்டையில் முனகும். ஒன்று காதோரம் கொசு வந்ததுபோல் மெல்லியதாக. இன்னொன்று நடுநடுவே இருமும். எண்ணினால் ஏழு வரும். ஏழு வந்த பிறகுதான் எனக்கு மனம் நிலைகொள்ளும். ஆறு வந்தால் மறுபடி முதலிலிருந்து எண்ணுவேன்.

எண்ணுவது சின்ன வயதிலிருந்தே எனக்குள்ள தொந்தரவு. ரயிலில் போனால் ஜன்னல் கம்பி, கல்யாணத்துக்குப் போனால் பந்தியில் போட்ட இலை, மொட்டைமாடியில் படுத்தால் மலைமேல் எரிகிற விளக்கு. எண்ணாமல் விட்டால் அதில் ஒன்று காணாமல் போய்விடும் என்று ஒரு பயம். இப்போது வயதாகிவிட்டதால் பயமும் கூடியிருக்கிறது. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறேன்.

அந்த ஏழும் சர்வர்கள். திருத்தணியில் நெசவாளர்களுக்கு நூல் கொடுக்கும் ஒரு சங்கத்தில் நான் கண்காணிப்பாளராக இருந்தேன். ரயிலடியிலிருந்து மலைப்பாதைக்குப் போகிற தெருவில் சங்கக் கட்டடம். முன்பக்கம் அலுவலகம், பின்பக்கம் நூல் கிடங்கு, இரண்டுக்கும் நடுவில் இந்த அறை. தொண்ணூறுகளில் முதல் கம்ப்யூட்டர் வந்தபோது அதற்காகவே ஜன்னலை அடைத்துச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம். வெளியே அக்கினி நட்சத்திர வெயில் தார் ரோட்டை இளக்கிக்கொண்டிருக்கும்போது உள்ளே மார்கழி. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு நான் அங்கே போய் உட்காருவேன். மலைமேல் மணி அடித்தால் அந்தச் சுவர்களைத் தாண்டி வரும்போது அது மணியாகவே இருக்காது. தண்ணீருக்கு அடியிலிருந்து யாரோ கூப்பிடுவதுபோல் இருக்கும்.

பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் ஒன்று ஏழாகியிருந்தது. நூல் இருப்புக்கு ஒன்று, நெய்த கூலிக்கு ஒன்று, கடிதப் போக்குவரத்துக்கு ஒன்று என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தோம். அவற்றில் இரண்டைப் பற்றி மட்டும் சொன்னால் போதும். ஒன்று சாயத்துக்கான சர்வர். சாயப் பட்டறையில் ஒரு தொட்டியில் முக்கியெடுத்த நூலும் அடுத்த தொட்டியில் முக்கியெடுத்த நூலும் ஒரே சிவப்பு என்று பெயர்தானே தவிர ஒரே சிவப்பு கிடையாது. கடையில் தெரியாது. தறியில் ஏற்றி நெய்து வெயிலில் விரித்தால் புடவை நடுவில் கோடு போட்டதுபோல் தெரியும். அதனால் எந்த நெசவாளருக்கு எந்தத் தொட்டி நூல் போயிருக்கிறது என்று லாட் நம்பர் போட்டு அதில் வைத்திருந்தோம். அதைப் பார்க்காமல் கையால் சீட்டு எழுதி நூல் கொடுத்தால் ஒரு குடும்பத்தின் ஒரு மாத உழைப்பு வீண்.

இன்னொன்றை நாங்கள் வாசல் என்று கூப்பிட்டோம். காலையில் யார் எந்தக் கம்ப்யூட்டரைத் திறந்து பாஸ்வேர்டு அடித்தாலும், இவர் இன்னார்தான், இவரை உள்ளே விடலாம் என்று தலையாட்டுவது அதுதான். அது தலையாட்டாவிட்டால் மற்ற ஆறும் இருந்தும் இல்லாத மாதிரி.

அந்த வருஷங்களில் மின்வெட்டு அதிகம். ஏழு மெஷினையும் ஏ.சி.யையும் தாங்க முடியாமல் யு.பி.எஸ். பேட்டரிகள் ஒவ்வொன்றாக உப்பிக்கொண்டிருந்தன. இருமுகிற சர்வருக்கு உதிரி பாகம் சென்னையிலும் கிடைக்கவில்லை. அப்போதுதான் எங்கள் கம்ப்யூட்டர் பிரிவுக்கு அந்தப் பெண் வந்தாள்.

முப்பது வயது இருக்கும். இதே ஊர்ப் பெண். அவள் புருஷன் மலைக்கோயில் மடைப்பள்ளியில் பிரசாதம் செய்பவர், பரம்பரையாக அந்த வேலை பார்க்கிற குடும்பம். இவள் படித்துவிட்டுச் சென்னையில் ஒரு கம்பெனிக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். விடிவதற்கு முன் இங்கிருந்து கிளம்புகிற ரயில், இருட்டின பிறகு வந்து சேர்கிற ரயில். குழந்தைக்கு மூன்று வயது. போகும்போதும் அது தூங்கும், வரும்போதும் அது தூங்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் அது அவளை உற்றுப் பார்த்துவிட்டு, "நீ கனவுலதானே வருவே?" என்று கேட்டதாம். அடுத்த வாரமே அவள் எங்கள் சங்கத்துக்கு விண்ணப்பம் போட்டாள். சம்பளம் பாதிக்கும் கீழே. அதுவும் தற்காலிக வேலை.

எங்கள் செயலாளர் கெட்டவர் இல்லை. புது வேலைக்கு ஆள் வைத்தால் மேலே பதில் சொல்ல வேண்டியவர் அவர். ஏழு சர்வரையும் ஒரே பெரிய பெட்டிக்குள் கொண்டுபோய்விடலாம் என்று இந்தப் பெண் சொன்னபோது அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு நிபந்தனை வைத்தார். விஜயதசமி அன்று தறியில் நீள இழைகளை ஏற்றிப் புதுப் பாவு போடுவதற்காகச் சுற்றுவட்டாரத் தறிக்காரர்கள் எல்லாரும் நூல் வாங்க வருவார்கள். வருஷத்திலேயே கூட்டம் அதிகமான காலை அது. அந்தக் காலையைப் புதுப் பெட்டி தாண்டிவிட்டால் அவளை நிரந்தரமாக்க எழுதுவார். தாண்டாவிட்டால் பழைய ஏழையும் திரும்ப வைத்துவிட்டு அவளை அனுப்பிவிடுவார். அனுப்புவது என்றால் எங்கே? மறுபடி அந்த ரயிலுக்குத்தான். அவள் சரி என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு வந்தாள். 

ஏழு எப்படி ஒன்றுக்குள் போகும் என்று நான் கேட்டேன். ஏழு மெஷினையும் கழற்றி ஒரே பெட்டிக்குள் அடுக்குவார்கள் போலிருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். அவள் சிரிக்கவில்லை. வர்ச்சுவல் மெஷின் என்று பெயர் சொன்னாள். பிறகு இப்படிச் சொன்னாள்:

"ஒருத்தர் தூங்கறார்னு வெச்சுக்கோங்க சார். அவர் கனவுல ஏழு பேர் வராங்க. ஏழு பேரும் அவங்கவங்க வேலையப் பாக்கறாங்க, பேசிக்கறாங்க, கணக்கு எழுதறாங்க. தாங்க கனவுதான்னு அவங்க யாருக்கும் தெரியாது. அவ்ளோதான்."

அன்று ராத்திரி படுத்துக்கொண்டு இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். தூங்குகிறவர் புரண்டு படுத்தால்? விழித்துக்கொண்டால்? மறுநாள் காலையில் முதல் வேலையாக அவளிடம் அதைக் கேட்டேன். அதற்குத்தான் யு.பி.எஸ். என்றாள்.

சென்னைக் கம்பெனி ஒன்றிலிருந்து ஆள் வந்து புதுப் பெட்டியை வைத்துவிட்டுப் போனான். கறுப்பாக, மட்டமாக, சத்தமே இல்லாமல் இருந்தது. ஆடி பிறந்ததும் அவள் வேலையை ஆரம்பித்தாள். ஒரு சர்வரின் உள்ளே இருப்பதை எல்லாம் அப்படியே பிரதி எடுத்துப் பெட்டிக்குள் விடுவாள். அது உள்ளே கண் திறந்து தன் வேலையைத் தொடர்கிறதா என்று பார்ப்பாள். தொடர்ந்தால் வெளியே இருக்கிற பழையதை அணைப்பாள். சினிமாவில் காட்டுகிற மாதிரி எதுவும் மினுங்காது. கறுப்புத் திரையில் ஒரு கோடு மெல்ல நீளும், அவ்வளவுதான். அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். வெளியே ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் போய்க்கொண்டிருந்தன. அரோகரா சத்தம் சுவருக்குள் ஊறி வந்து எங்கள் அறையில் ஒரு முனகலாகச் சேர்ந்துகொள்ளும். பாதித் தூக்கத்தில் எனக்கு அந்தக் கோடே மலையேறுவதுபோல் இருக்கும்.

கண்ணை மூடி எண்ணினேன். ஏழு ஆறாயிற்று. ஆறு ஐந்தாயிற்று. இருமல் நின்ற அன்று எனக்கு ஏதோ ஒரு வீட்டில் விளக்கை அணைத்தமாதிரி இருந்தது. ஆனால் அந்தச் சர்வரின் வேலை மட்டும் நிற்கவில்லை. கடிதங்கள் வந்தன, போயின. உடம்பு போன பிறகும் ஆள் வந்துபோய்க்கொண்டிருந்தான்.

கடைசியாக அவள் எடுத்தது வாசல். இந்த வரிசை முக்கியம், அதனால் சொல்கிறேன். மற்ற ஆறும் பெட்டிக்குள் போன பிறகு, பெட்டியை ஒருமுறை முழுவதும் அணைத்துப் போட்டுப் பார்த்தாள். ஒரு குறையும் இல்லாமல் எழுந்து வந்தது. அப்போது வாசல் இன்னும் வெளியேதான் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகுதான் வாசலும் உள்ளே போனது. அதன் பிறகு பெட்டியை அணைக்க எந்தக் காரணமும் வரவில்லை. அறையில் ஒரே ஒரு சத்தம் மிஞ்சியது. அதையும் காதைக் கொடுத்துத்தான் கேட்க வேண்டும்.

பழைய ஏழையும் கிடங்கு நடையில் அடுக்கிப் புடவைக் கட்டு சுற்றும் துணியால் மூடி வைத்தோம். தீபாவளி கழிந்து பழைய சாமான்காரரிடம் கொடுப்பதாக ஏற்பாடு. தினமும் சாயங்காலம் துணியைத் தூக்கி எண்ணிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். ஒரு நாள் ஆறுதான் இருந்தது. கிடங்குக்காரர் ஒன்றை எடுத்துப்போய் மேலே ஏறி நின்று பல்பு மாட்டிக்கொண்டிருந்தார். நான் போட்ட சத்தத்தில் அவர் இறங்கி, அதைத் துடைத்து, திரும்பக் கொண்டுவந்து வைத்தார். குப்பைக்குப் போகிறதை எண்ணுகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று அவர் பத்து பேரிடம் சொல்லியிருப்பார்.

ஆயுத பூஜை வந்தது.

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பூஜையன்று தராசு, தையல் மெஷின், நூல் சுற்றும் ராட்டை, கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் நிறுத்தித் துடைத்துச் சந்தனப் பொட்டு வைத்து மறுநாள் காலை வரை ஓய்வு கொடுப்போம். சர்வர்களுக்கும் அதேதான். ஆனால் வாசலை மட்டும் அணைக்க மாட்டோம். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வீட்டை இருட்டாக்கக் கூடாது, ஒன்றாவது எரிந்துகொண்டிருக்கட்டும் என்று முந்தைய செயலாளர் காலத்தில் ஏற்பட்ட வழக்கம். ஏன் வாசல் என்று யாரும் கேட்டதில்லை. கதவுக்குப் பக்கத்தில் இருந்தது, அதனால் இருக்கலாம்.

அன்று எங்கள் அட்டெண்டர் சந்தனக் கிண்ணத்தோடு கறுப்புப் பெட்டிக்கு முன்னால் போய் நின்றார். ஐம்பது வயதுக்காரர், வாய் சும்மா இருக்காது.

"இன்னா சார், ஏழு பேரும் இதுக்குள்ளதான் கீறாங்களா?"

ஆமாம் என்றேன்.

"அப்போ பொட்டு ஒண்ணா, ஏழா? சீக்கிரம் சொல்லுங்க, சந்தனம் காஞ்சிகினு போவுது."

ஒன்று வைத்தால் ஆறு பேர் விட்டுப்போகிறார்களே என்று எனக்கு அடித்துக்கொண்டது. ஏழு என்றேன். அவர் வரிசையாக ஏழு பொட்டு வைத்தார். கறுப்புப் பெட்டியின் முகத்தில் ஏழு மஞ்சள் நிலா. மீதிச் சந்தனத்தை நடையில் கிடந்த பழைய ஏழுக்கும் வைத்துவிட்டு வந்தார். அவற்றுக்கும் ஆளுக்கொரு பூ. வேலை செய்து ஓய்ந்ததுகளை விடலாமா என்றார்.

அவள் திரையின் முன் உட்கார்ந்து உள்ளே இருக்கிறவர்களை ஒவ்வொருவராகத் தூங்க வைத்தாள். நூல் தூங்கியது. கூலி தூங்கியது. நான் விரல் மடக்கினேன். ஆறு ஆனதும் அட்டெண்டர் கேட்டார்:

"எத எரிய வுடப் போறீங்க?"

எல்லாரும் பெட்டியைப் பார்த்தோம். பெட்டி ஒன்றுதான் இருக்கிறது. அதை அணைத்தால்தான் துடைக்க முடியும். இந்த வருஷம் எரிய விட எதுவும் இல்லையே என்று செயலாளர் சிரித்தார். மூலையில் ஒரு குத்துவிளக்கு வைத்தால் போதும் என்றார். அவள் ஏழாவதையும் தூங்க வைத்தாள். செயலாளர் கற்பூரம் காட்டிவிட்டுத் தன் கையாலேயே பெட்டியின் பொத்தானை அழுத்தினார்.

அப்போதுதான் அந்த அறை முதன்முதலாகச் சத்தமே இல்லாமல் ஆனது. கற்பூரப் புகை அசையாமல் நின்றது. எண்ண எதுவும் இல்லாமல் நான் அதில் நின்றுகொண்டிருந்தேன். பயமாகவும் இருந்தது, சுகமாகவும் இருந்தது.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் போய்விட்டேன். மலையின் இடுப்புக்குக் கீழே பனி மறைத்திருந்தது. மேல்பாதி மட்டும் எங்கிருந்தோ தொங்கவிட்டதுபோல் இருந்தது. அம்மையார்குப்பத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவர்கள் ஏற்கனவே கிடங்கு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். குளித்து விபூதி பூசி, பையில் தேங்காய் பழத்தோடு. நல்ல நேரம் முடிவதற்குள் நூல் கையில் வந்தால் ஊருக்குப் போய்ப் பாவில் முதல் இழையைத் தொட்டுவிடலாம் என்று கணக்கு.

அவள் வந்தாள். பூ வைத்துப் பட்டுப் புடவை கட்டியிருந்தாள். பெட்டியின் பொத்தானை அழுத்தினாள். அந்த மெல்லிய சத்தம் எழுந்தது. அப்பாடா என்று உட்கார்ந்தேன். பெட்டி விழித்துவிட்டது. இனி உள்ளே இருப்பவர்களை அவள் எழுப்ப வேண்டியதுதான். அதற்குத் திரையில் தன் பெயரும் பாஸ்வேர்டும் அடித்தாள்.

திரை யோசித்தது. வெகுநேரம் யோசித்தது. பிறகு, நீ யாரென்று சொல்லக்கூடியவரைக் காணோம் என்று அர்த்தம் வருகிற ஒரு வரியைக் காட்டியது.

மறுபடி அடித்தாள். அதே வரி. அவள் கை விசைப்பலகை மேலேயே நின்றுவிட்டது.  என்ன என்றேன்.

"வாசல் உள்ள தூங்குது சார். அத எழுப்பணும்னா நான் உள்ள போகணும். நான் உள்ள போகணும்னா அது முழிச்சிருக்கணும்."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. வீட்டைப் பூட்டிச் சாவியை உள்ளேயே வைத்துவிட்டோம். சாவி வைத்திருந்தவரையும் உள்ளே வைத்தே தூங்கப் பண்ணிவிட்டோம். எல்லா வருஷமும் வாசலை எரிய விட்டது எதற்கென்று தெரியாமலே எரிய விட்டிருந்தோம். இந்த வருஷம்தான் காரணம் தெரிந்தது.

பெட்டிக்கென்று தனியாக ஒரு பெரிய பாஸ்வேர்டு உண்டாம். யாரையும் கேட்காமல் திறக்கும். பெட்டியை வைத்துவிட்டுப்போன சென்னை ஆள், அந்தப் பாஸ்வேர்டை அப்புறம் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அவனுக்குப் போன் போட்டாள். பூஜைக்குச் சொந்த ஊர் போயிருந்தான் போல, தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. கம்பெனிக்குப் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

செயலாளர் வந்தார். விஷயத்தைக் கேட்டார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கிடங்குப் பக்கம் போனார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். கையால் சீட்டு எழுதலாமா என்று கிடங்குக்காரர் கேட்டதற்கு, லாட் தெரியாமல் எழுதினால் யார் பொறுப்பு என்று மட்டும் அவர் சொன்னது காதில் விழுந்தது.

வெளியே பேச்சு ஆரம்பித்துவிட்டது. வயதான ஒரு தறிக்காரர் கதவு வழியாக என்னை எட்டிப் பார்த்து, "இன்னா நைனா, பொட்டி முழிச்சிக்கிச்சா இல்லியா?" என்றார்.

"முழிச்சிருக்கு பாவா, ஆனா ஆரையும் அடையாளம் தெரியலியாம்" என்று அவருடைய மச்சான் பக்கத்திலிருந்து பதில் சொன்னார். "நேத்து ஏழு பொட்டு வெச்சாங்களே, மயக்கம் வந்திருக்கும்."

சிரிப்பு கிளம்பியது. அவள் சிரிப்பு கேட்காதவள்போல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரயிலடியிலிருந்து சென்னை வண்டி ஹாரன் அடித்தது. அவள் தலை லேசாகத் திரும்பியது. இத்தனை மாதமாக அந்தச் சத்தத்துக்கு அவள் திரும்பி நான் பார்த்ததில்லை.

திரும்பிய தலை அப்படியே என்னிடம் வந்தது.

"சார், பழைய வாசல் நடையிலதான இருக்கு? எண்ணினீங்களா?"

"நேத்து சாயங்காலம் எண்ணினேன். ஏழும் இருக்கு."

"உள்ள இருக்கறத நான் அழிக்கல."

எழுந்து நடந்தாள். நானும் அட்டெண்டரும் பின்னால் ஓடினோம். துணியை விலக்கினோம். பொட்டும் வாடின பூவுமாக ஏழும் உட்கார்ந்திருந்தன. வரிசையில் நான்காவதுதான் வாசல். அட்டெண்டர் அதை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டார். நடையில் நின்ற கூட்டம் வழிவிட்டது. "புறப்பாடு வருது, தள்ளிக்கங்க" என்று அந்த மச்சான் சொன்னார். இந்த முறை யாரோ ஒரு அம்மாள் உண்மையாகவே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அறைக்குள் கொண்டுபோய்ப் பழைய இடத்திலேயே வைத்ததும் அவள் ஒயரை மாட்டினாள். பொத்தானை அழுத்தியதும் உள்ளே ஏதோ பெருமூச்சு விட்டது. அடுத்து அந்தச் சத்தம். கண்ணை மூடாமலே எனக்குத் தெரிந்தது, ஏழில் அது எதுவென்று. மாதக்கணக்கில் கிடந்துவிட்டு, போன நிமிஷம்தான் கண்ணயர்ந்ததுபோல் எழுந்து வந்தது. அதைப் பொறுத்தவரை இன்னும் ஆவணிகூடப் பிறக்கவில்லை. நாங்கள் பூஜை செய்ததும் தெரியாது, தன்னைப் பிரதி எடுத்ததும் தெரியாது, தன்னைப்போல் இன்னொன்று பெட்டிக்குள் தூங்குவதும் தெரியாது.

அவள் கறுப்புப் பெட்டியின் திரைக்கு வந்து பெயரையும் பாஸ்வேர்டையும் அடித்தாள். இந்த முறை பதில் உடனே வந்தது. பாஸ்வேர்டு தவறு.

அவள் நெற்றியில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். விஷயம் எளிது. புரட்டாசியில் அவள் பாஸ்வேர்டை மாற்றியிருந்தாள். இதற்கு அது தெரியாது. இது எந்த நாளில் தூங்கியதோ அந்த நாளைய பெண்ணைத்தான் இதற்குத் தெரியும். அந்தப் பழைய பாஸ்வேர்டு அவளுக்கு ஞாபகம் வரவில்லை. இரண்டு முறை எதையோ அடித்தாள். தவறு, தவறு. இன்னும் ஒரு முறை தவறினால் பூட்டிக்கொண்டுவிடும் என்றாள்.

நான் எதுவும் செய்ய முடியாமல் ஏ.சி.யின் பட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ரயிலடிப் பக்கம் அறிவிப்பு கேட்டது, எந்த வண்டியோ. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூடின கண்ணோடே விரல்கள் அடித்தன.

திரை திறந்தது.

அந்தப் பாஸ்வேர்டு என்ன என்று நான் கேட்கவில்லை. வெகுநாள் கழித்து அவளாகவே சொன்னாள். இங்கே சேர்ந்த புதிதில், மறக்கவே மறக்காது என்று நினைத்து, தினமும் பிடித்த அந்த விடிகாலை ரயிலின் நேரத்தை வைத்திருந்தாளாம். மாற்றிய கொஞ்ச நாளிலேயே அடியோடு மறந்துபோயிருந்தது. அதை மறந்தது எனக்குச் சந்தோஷம் சார் என்றாள்.

ஆனால் வேலை இன்னும் முடியவில்லை. அவள் எழுந்து வந்து பழைய வாசலின் பின்னால் மாட்டியிருந்த நீல ஒயரை என் கையில் கொடுத்தாள். பெட்டிக்குள் இருக்கிற வாசலை இப்போது எழுப்பப் போகிறாள். அது கண் விழித்து வெளியே பார்க்கும்போது தன் பெயரில், தன் முகத்தில் இன்னொன்று உட்கார்ந்திருக்கக் கூடாது. பார்த்தால் இரண்டும் குழம்பி, இரண்டும் யாருக்கும் தலையாட்டாது. கொஞ்சம் முன்னால் பிடுங்கினாலோ அவளுக்குத் திறந்த கதவே சாத்திக்கொள்ளும்.

"நான் சொன்னதும் இழுங்க. அதுக்கு முன்னாடி வேணாம், அப்புறமும் வேணாம்."

வீட்டுப் பூட்டையே நம்பாத என்னிடம் போய்க் கொடுத்தாளே என்று இருந்தது. ஒயரின் முனையைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு குனிந்து நின்றேன். பழைய வாசலின் சூடான மூச்சு முகத்தில் பட்டது. சந்தன வாசனை. கறுப்புத் திரையில் எழுத்துகள் ஓட ஆரம்பித்தன. அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. என் கையில் இருப்பது ஒருவனுடைய விழிப்பு. நான் இழுத்தால் அவன் இங்கே தூங்கி அங்கே எழுந்திருப்பான், நடுவில் ஒன்றும் நடந்ததாகவே அவனுக்குத் தெரியாது. நானும் எத்தனை காலை இப்படி எழுந்திருக்கிறேனோ.

"இழுங்க சார்."

இழுத்தேன்.

எதுவும் நடக்கவில்லை. அறையில் இரண்டு சத்தமும் அப்படியே இருந்தன. அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தாள். பிறகு தோள்கள் இறங்கின. வாசல் எழுந்திடுச்சு என்று மெதுவாகச் சொன்னாள். அதன் பிறகு நூல் எழுந்தது. கூலி எழுந்தது. நான் விரல் நீட்டிக்கொண்டே வந்தேன். சாயம் ஐந்தாவதாக எழுந்தது. ஏழு விரலும் நீண்டபோது முன்பக்கம் பிரிண்டர் முதல் சீட்டைக் கறகறவென்று அடிக்கத் தொடங்கியிருந்தது.

நல்ல நேரத்துக்குள் எல்லாருக்கும் கொடுத்துமுடிக்க முடியவில்லை. பின்வரிசையில் இருந்தவர்கள் கொஞ்சம் முனகினார்கள். அந்த வயதான தறிக்காரர் சீட்டை வாங்கி லாட் நம்பரைப் பார்த்து, போன தடவை இதே சிவப்புதான் என்று மச்சானிடம் காட்டிக்கொண்டு போனார். கூட்டம் கலைந்த பிறகு செயலாளர் அறைக்குள் வந்து இரண்டு வாசலையும் மாறிமாறிப் பார்த்தார். அடுத்த வருஷமும் இப்படித்தானா என்றார். இல்லை சார், எப்பவும் ஒரு வாசல் வெளியில இருக்கணும், வேற பேர்ல, துணைக்கு, என்றாள் அவள். பழைய வாசலைக் கொடுக்க வேண்டாம், இதுவே போதும் என்றும் சொன்னாள்.  அவர் பழைய சாமான்காரருக்கு ஆறு என்று சொல்லிவிடுங்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். அவளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தீபாவளிக்கு முன் அவளை நிரந்தரமாக்கிய உத்தரவு வந்தது.

நான் ஓய்வு பெறும் வரை அந்த அறையில் இரண்டு சத்தம் இருந்தது. கணக்குப்படி எட்டு. எட்டா இரண்டா என்று எனக்குக் கடைசிவரை தீர்மானம் ஆகவில்லை. மதியத்தில் கண்ணை மூடினால் சில நாள் இரண்டு கேட்கும், சில நாள் எட்டு பேரும் தாழ்ந்த குரலில் ஏதோ பேசிக்கொள்வது கேட்கும்.

உத்தரவு வந்த வாரம் ஒரு நாள் விடிகாலையில் என் மருமகனை வழியனுப்ப ரயிலடிக்குப் போயிருந்தேன். மங்கலான விளக்கில் தூரத்தில் அவள் நிற்பதைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. பக்கத்தில் அவள் குழந்தை, அந்தச் சின்னப் பெண், ஸ்வெட்டர் போட்டு, முழு விழிப்பாக, அவள் கையைப் பிடித்துக்கொண்டு. யாரையாவது ஏற்றிவிட வந்திருப்பார்கள் என்று பார்த்தால், யாரும் இல்லை. வண்டி வந்தது. கூட்டம் ஏறியது. குழந்தை ஜன்னல்களை விரல் நீட்டி எண்ணியது, எண்ணிக்கை பிசகிச் சிரித்தது, மறுபடி ஆரம்பித்தது. வண்டி கிளம்பியது. இருவரும் அது போவதைக் கடைசிப் பெட்டி வரை பார்த்துக்கொண்டு நின்றார்கள்.